கலிஃபோர்னியாவில் மக்களே சட்டம் இயற்றும் முறை

கலிஃபோர்னிய வாக்காளர்கள் தேர்தல் நாளில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதோடு சட்டங்களுக்கும் வாக்களிக்கிறார்கள். வாக்குச்சீட்டில் எண்ணிட்டு வரும் ஒவ்வொரு முன்மொழிவையும் ஏற்பதா மறுப்பதா என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். சட்டமன்றம் அனுப்பும் முன்மொழிவுகளும் அந்தச் சீட்டில் உண்டு. குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவருபவையும் உண்டு. இரண்டாவது வகைக்கு வழி திறந்தது 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தல்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மாநில அரசியல் சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. விளைச்சலைச் சந்தைக்கு அனுப்ப வேறு வழியில்லாத விவசாயிகள் நிறுவனம் கேட்ட கட்டணத்தைக் கொடுத்தார்கள். சட்டமன்ற வேட்பாளர் தேர்விலும் அதன் கை ஓங்கியிருந்தது. சட்டமன்றமே விலைபோன பிறகு முறையிட இடம் ஏது? சுவிட்சர்லாந்தில் நடைமுறையில் இருந்த நேரடி வாக்கெடுப்பைச் சீர்திருத்தக்காரர்கள் ஒரு மாற்றாகக் கண்டார்கள். அமெரிக்க மாநிலங்களில் தெற்கு டகோட்டா 1898இலும் ஓரிகன் 1902இலும் அதை ஏற்றன. ஜான் ராண்டால்ஃப் ஹெய்ன்ஸ் என்ற மருத்துவரின் விடாமுயற்சியால் லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் 1903இல் ஏற்றது.

1910 ஆளுநர் தேர்தலில் ஹைரம் ஜான்சன் ரயிலைத் தவிர்த்து மோட்டார் காரிலேயே மாநிலம் முழுவதும் சுற்றி, ரயில்வேயை அரசியலிலிருந்து விரட்டுவதாக வாக்குக் கேட்டு வென்றார். மறு ஆண்டே, சட்டத்தை முன்மொழிதல், இயற்றிய சட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுத்தல், பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைத்தல் ஆகிய மூன்று அதிகாரங்களையும் மக்கள் பெரும் ஆதரவோடு ஏற்றார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே நாளில்தான். ஆனால் அது சில ஆயிரம் வாக்குகளில் மயிரிழையில் தப்பியது.

பெரும்பான்மையின் கையில் கிடைத்த அதிகாரம் சிறுபான்மையினர் மீதும் பாய்ந்தது. ஜப்பானியர்கள் நிலம் வைத்திருப்பதை 1913 சட்டம் தடுத்தது. அதை மேலும் இறுக்கியது 1920இல் மக்கள் நிறைவேற்றிய முன்மொழிவு. குடியுரிமை பெற இயலாத ஆசியர் அனைவரையும் அது குறிவைத்ததால் பஞ்சாபிலிருந்து போன விவசாயிகளும் பாதிக்கப்பட்டார்கள். வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இன பேதம் பார்ப்பதைத் தடுத்த சட்டத்தை 1964இன் 14ஆம் முன்மொழிவு முடக்கியது. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முன்மொழிவு செல்லாது என்றது. நீதிமன்றம் இல்லாதிருந்தால் இம்முறை இன்னும் பெரிய அநீதிக்குத் துணைபோயிருக்கும்.

நாடெங்கும் பேசப்பட்டது 1978 ஜூன் 6 அன்று வென்ற 13ஆம் முன்மொழிவு. வீட்டு மதிப்பு கிடுகிடுவென உயர, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர் சொத்துவரி கட்ட முடியாமல் தவித்தார்கள். அந்தக் கோபத்தை ஹோவர்ட் ஜார்விஸும் பால் கானும் கையெழுத்துகளாகத் திரட்டினார்கள். சொத்துவரிக்கு மதிப்பில் 1 சதவீதம் உச்சவரம்பானது. சொத்து கைமாறாதவரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. சொத்துவரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்ததால் பள்ளிகளும் உள்ளாட்சிகளும் மாநில அரசின் நிதியைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. முதியோரின் துயரம் உண்மையானது. ஆனால் பெரிய வணிகக் கட்டடங்களுக்கும் அதே சலுகை போய்ச் சேர்ந்தது. அதை மாற்ற முயன்ற 2020இன் 15ஆம் முன்மொழிவு சிறிய வித்தியாசத்தில் தோற்றது.

கையெழுத்துத் திரட்டுவோருக்குக் கூலி கொடுப்பதைத் தடை செய்ய முடியாது என்று 1988இல் கொலராடோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் உள்ளவர்களுக்கு இது தோதானது. செயலிவழி ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதாமலிருக்க 2020இன் 22ஆம் முன்மொழிவுக்கு ஊபர், லிஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து வென்றன. தனி நிறுவனத்தின் ஆதிக்கத்தை முறிக்கப் பிறந்த அதிகாரத்தை நிறுவனங்களே விலை கொடுத்துப் பயன்படுத்துவது இம்முறையின் மிகப் பெரிய கேடு.

குடிமக்களின் முன்மொழிவு வாக்குச்சீட்டில் இடம்பெற, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் சட்டத்துக்கு 5 சதவீதக் கையெழுத்தும், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 சதவீதமும் வேண்டும். 2026 நவம்பர் தேர்தலுக்கு இவை முறையே சுமார் 5.47 லட்சமும் 8.75 லட்சமும் ஆகும்.