பறம்பின் பாதைகள்

சங்கப் புலவர்கள் பாடிய மலைகள் பல. ஆயினும் ஒரு மலையின் வளத்தையும், முற்றுகையையும், வீழ்ச்சியையும், அதனைப் பிரிந்தோர் துயரத்தையும் ஒருசேரக் காட்டும் பாடல்தொகுதி பறம்பிற்கு வாய்த்ததுபோல் பிறிதொரு மலைக்கு வாய்த்திலது. புறநானூற்றின் 105 முதல் 120 வரையுள்ள பாடல்கள் பாரியையும் அவன் மகளிரையும் அவர்தம் மலையையுமே சுற்றி நிற்கின்றன. செட்டிநாட்டிற்கு மேற்கே, சிங்கம்புணரியை அடுத்து ஏறத்தாழ 2,500 அடி உயர்ந்து நிற்கும் பிரான்மலையே அப்பறம்பு என்பது அறிஞர் பலர் உடன்பட்ட கருத்தாகும்.

பிரான்மலையைப் பற்றி எழுதுவோர் அதன் கோயிலை எழுதுவர். வள்ளல் பாரியை எழுதுவர். அம்மலையை ஏறவும், சுற்றவும், கடக்கவும் மனிதர் வகுத்துக்கொண்ட வழிகளை எழுதியோர் மிகச் சிலரே. மன்னர் மறைவர், கட்டடங்கள் சிதைந்து புதுப்பிக்கப் பெறும், மக்கள் நடக்கும் வழியோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அவ்வழியை முன்வைத்துப் பறம்பின் வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கபிலர் காட்டும் மலை

பறம்பு வெறுங்காடு அன்று; மனிதர் கைபட்ட மலை. ஏர் பூட்டி உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் கிடைக்கும் இடம் அது என்று 109-ஆம் பாடல் கூறுகின்றது. பறம்பு நாட்டின் ஊர்கள் முந்நூறு என 110-ஆம் பாடல் கணக்குத் தருகின்றது. ஊர் உண்டெனில் ஊரை இணைக்கும் வழியும் உண்டு.

பாரி மறைந்தபின் கபிலர் அழுவது அரண்மனையை எண்ணி அன்று என்பது கருதத்தக்கது. எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய சிறிய குளம் ஒன்று காப்பாரின்றி உடைந்து போவதை எண்ணி 118-ஆம் பாடலில் அவர் நைகின்றார். பாறைக்கும் குன்றுக்கும் இடையே கரை கட்டி நீரைத் தேக்கியது மனித உழைப்பு. ஆட்சி வீழ்ந்ததற்கு அவர் காட்டும் அடையாளம், கரை உடைந்த குளம்.

பறம்பைவிட்டு நீங்குங்கால், அருகில் நிற்போர்க்கும் மலை தெரிகின்றது, சற்றே அகன்று போய் நிற்போர்க்கும் தெரிகின்றது என்று 114-ஆம் பாடலில் கூறுகின்றார். நடந்து செல்பவர் திரும்பித் திரும்பிப் பார்த்தாலன்றி இக்கூற்றுப் பிறவாது. பாரி மகளிர் பாடியதாக உள்ள 112-ஆம் பாடலின் துயரும், கபிலரின் இப்பிரிவுத் துயரும் இன்றும் நெஞ்சைத் தொடுவதற்கு இவ்வழிநடையின் உண்மை ஒரு காரணம் எனலாம்.

116-ஆம் பாடல் மேலும் நுட்பமானது. ஒரு காலத்தில் மலைமேல் நின்று, போர்க்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய மகளிர், இப்பொழுது எளிய குடிலின் புறத்தே குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். இக்காட்சி பறம்பில் நிகழ்வதன்று, புகலிடத்தில் நிகழ்வது. எனவே அவ்வண்டிகள் பறம்பின் அடிவாரத்தில் சென்றன என இதுகொண்டு துணிதல் பொருந்தாது. எனினும் கடற்கரையில் விளைந்த உப்பு வண்டி நிரைகளாய் உள்நாட்டிற்குச் சென்ற அக்காலப் பெருவழிகளுக்கு இப்பாடல் சான்று.

பறம்பினின்று புறப்பட்ட பயணம் பெண்ணையாற்றங்கரையில் முடிந்தது. கபிலர் பாரி மகளை மலையர்க்கு அளித்துத் தாம் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுக் குறிக்கின்றது. ஏட்டில் தொடங்கிய வழி கல்லில் முடிகின்றது.

திருக்கொடுங்குன்றமும் வணிகர் கல்வெட்டும்

சமயக் குரவர் காலத்தில் இம்மலை திருக்கொடுங்குன்றம் எனப் பெயர் பெற்றது. திருஞானசம்பந்தரின் பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. கோயில் மூன்று நிலைகளாக அமைந்தது; அவற்றைப் பாதாளம், பூமி, கயிலாயம் என மரபு குறிக்கும். கீழே கொடுங்குன்றநாதரும் குயிலமுதநாயகியும், நடுவே விசுவநாதரும் விசாலாட்சியும், மேலே பாறையைக் குடைந்த சன்னிதியில் மங்கைபாகரும் தேனம்மையும் எழுந்தருளியுள்ளனர். கபிலர் பாடிய தேன், அம்மையின் பெயரில் இன்றும் வாழ்கின்றது. குன்றக்குடி ஆதீனத்தின் ஆளுகைக்குட்பட்ட திருக்கோயில்களுள் இஃது ஒன்று.

இக்கோயிலில் வரலாற்று ஆய்வாளர்கள் பெரிதும் மதிக்கும் கல்வெட்டொன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் பல ஊர்களிலிருந்தும் கூடித் தம் சரக்குகளின்மீது ஒரு பங்கினை இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறுகின்றது. உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, நூல், புடைவை, மெழுகு, தேன், பட்டு, குதிரை, யானை எனச் சரக்குகள் அடுக்கப்பெறுகின்றன. வண்டியும் பொதிமாடும் தலைச்சுமையும் சென்ற வழிகள் இம்மலையடியில் கூடாவிடின், இக்கல்வெட்டு இங்கே எழுதப்பெற வேண்டிய தேவை இராது. பட்டியலில் உப்பு இடம்பெறுவதைப் புறநானூற்றைக் கற்றோர் கவனியாது செல்லல் இயலாது.

கோட்டையும் தர்காவும்

மலையின்மேல் கோட்டைச் சுவரின் எச்சங்களும் பீரங்கியொன்றும் உள்ளன. 1801-இல் மருது சகோதரர்கள் கும்பெனிப் படையை எதிர்த்து நிகழ்த்திய போரில் பிரான்மலைப் பகுதியும் களமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 24-இல் அவர்கள் தூக்கிலிடப்பெற்ற திருப்பத்தூர், காரைக்குடியினின்று பிரான்மலைக்குச் செல்லும் வழியிலேயே உள்ளது.

மலையுச்சியில் ஷேக் அப்துல்லா என்னும் இறைநேசரின் தர்கா அமைந்துள்ளது. மங்கைபாகரை வணங்கச் செல்வோரும் தர்காவை நாடிச் செல்வோரும் ஒரே மலையின்மேல் ஏறுகின்றனர். வள்ளலின் ஊர், சைவத்தலம், வணிகர் கூடிய இடம், கோட்டை, தர்கா என்னும் ஐந்தும் இம்மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவை ஐந்தையும் இணைப்பது மக்கள் நடந்த வழியே.

காவடிப் பாதை

தைப்பூசத்தையொட்டி நகரத்தார் பெருமக்கள் காவடி சுமந்து குன்றக்குடியினின்று பழனிக்கு நடந்து செல்லும் வழி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் செல்வது. ஏறத்தாழ நானூறு ஆண்டு மரபுடையது இந்நடைப்பயணம். உப்பு வணிகத்தின் பொருட்டுப் பழனிக்குச் சென்றதையொட்டி இவ்வழிபாடு தோன்றியதென வழிவழிச் செய்தி கூறும். உமணர் வண்டியும், ஐந்நூற்றுவர் கல்வெட்டும், காவடிப் பாதையும் ஒரே சாலையைக் குறிப்பன என்று சொல்லச் சான்றில்லை. ஆயினும் கடற்கரையையும் மேற்கு மலைகளையும் உப்பு இணைத்தது என்பதற்கு இம்மூன்றும் மூன்று காலச் சான்றுகள். வழியில் அடியார் தங்கும் விடுதிகளும், தண்ணீர்ப் பந்தல்களும், நிழல் தரும் மரங்களும் அப்பாதையின் கட்டுமானமே ஆகும்.

காக்க வேண்டுவது

மேலை நாட்டார் மலைப்பாதையையும் வரலாற்றுச் சின்னமாகக் கருதுவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவில் 1933-இல் திறக்கப்பெற்ற மலைச்சாலை, 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. அறுபது ஆண்டுகள் பழகிய சாலைக்கு அங்கே அத்தகைய மதிப்பு.

நம் பகுதியிலும் ஒரு நற்றொடக்கம் உண்டு. மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் பாண்டியர் குடைவரையும் கொண்ட குன்றுகள் உள்ள ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் நிகழ்ந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து எழுந்தனர். சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. குன்றைக் காத்தவர்கள் அதனைச் சுற்றி நாள்தோறும் நடந்தவர்கள். நடந்து பழகாத மலையைக் காக்க எவரும் முன்வாரார்.

பிரான்மலைக்கு இன்று வேண்டுவதும் அதுவே. கோயிலுக்குக் காப்பு உண்டு. பாறையில் உள்ள எழுத்துக்குப் பதிப்பு உண்டு. அவற்றினிடையே செல்லும் படிகளும், சுனையோரத் தடங்களும், அடிவாரக் குளக்கரைகளும் பட்டியலிடப்பெற வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எவரால் எப்பெயரிட்டு அழைக்கப்பெறுகின்றன என்பன முதியோர் வாய்மொழியிலிருந்து எழுதப்பெற வேண்டும். இலக்கிய வட்டங்களால் இயலும் பணி இது. பொறியாளரைவிடச் சொல்லை அறிந்தவர்க்கே உரிய பணியும் ஆகும்.

அரசை இழந்த நாட்டில் கபிலர் குளத்தின் கரையைப் பார்த்தார். பறம்பைப் பாடும் கவிஞர்களும் முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியோடு நின்றுவிடாமல், அத்தேர் ஓடிய வழியையும் ஒருமுறை நடந்து பார்ப்பாராயின், பாட்டிற்குப் புதுப்பொருளும் மலைக்குப் புதுக்காவலும் ஒருங்கே வாய்க்கும்.