எந்த விதி? சுய விருப்பம் பற்றிய ஒரு பழைய வழக்கு

‘விதியா, மதியா?’ பட்டிமன்றத்திலும் கட்டுரைப் பயிற்சியிலும் அடிக்கடி வரும் தலைப்பு இது. மாணவர்கள் பெரும்பாலும் ‘விதி’யைத் தலையெழுத்து என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அறிவியல் வகுப்பில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு: நியூட்டனின் இயக்க விதி. இந்த இரண்டாவது விதி மனிதனின் முடிவுகளையும் கட்டுப்படுத்துமா? இந்தக் கேள்விக்கு 2,000 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

உலகில் உள்ளவை அணுக்களும் வெற்றிடமும்தான் என்றார் கிரேக்க அறிஞர் டெமாக்ரிட்டஸ். அப்படியானால் மனிதனும் அணுக்களின் கூட்டம்தானே? அணுக்கள் இழுத்த இழுப்புக்குத்தானே அவனும் போக வேண்டும்? இதற்கு எபிகூரஸ் (கி.மு. 341–270) வழியினர் ஒரு விடை சொன்னார்கள். அணுக்கள் சில வேளை காரணமில்லாமல் கொஞ்சம் விலகும். அந்த விலகல்தான் நம் விருப்பத்துக்கு இடம் தருகிறது என்றார்கள்.

1687-இல் நியூட்டனின் ‘பிரின்சிபியா’ வெளிவந்தபின் அந்த விலகலுக்கு இடமில்லாமல் போனது. 1814-இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் ஓர் அறிவைக் கற்பனை செய்தார். ஒரு கணத்தில் உலகிலுள்ள எல்லாப் பொருளின் நிலையும் விசையும் அதற்குத் தெரியும் என்றால், எதிர்காலம் முழுவதும் அதற்குக் கடந்த காலம் போலவே தெளிவாகத் தெரியும் என்றார். 1927-இல் ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு இந்த நம்பிக்கையை அசைத்தது. அதற்காகச் சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பகடை உருட்டி முடிவெடுப்பவனைச் சுதந்திரமானவன் என்று சொல்வோமா என்ன?

பிறகு வழக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் தம் சோதனை முடிவை வெளியிட்டார். பங்கேற்றவர்கள் நினைத்தபோது கையை அசைக்க வேண்டும். அந்த எண்ணம் தோன்றிய நேரத்தைக் கடிகாரம் போன்ற கருவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எண்ணம் தோன்றியது அசைவுக்குச் சுமார் 200 மில்லிவினாடி முன்பு. ஆனால் மூளையின் மின்மாற்றம் சுமார் 550 மில்லிவினாடிக்கு முன்பே தொடங்கிவிட்டது! ‘அப்போ மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்கே தெரிகிறது’ என்று பலர் முடிவு கட்டினார்கள்.

லிபெட் அதோடு நிறுத்தவில்லை. கடைசி நொடியில் அசைவைத் தடுக்கும் ஆற்றல் மனத்துக்கு உண்டு என்றே கருதினார். 2012-இல் ஷர்கர் குழுவினர் வேறு விளக்கம் தந்தனர். அந்த மின்மாற்றம் எடுத்து முடித்த முடிவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. மூளையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கம் ஒரு வரம்பை நெருங்குவதாகவும் இருக்கலாம் என்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதில் நமக்கென்ன? ‘நான் என்ன பண்றது டீச்சர், என் மூளை அப்படி’ என்று ஒரு மாணவன் சொன்னால், நம் பதில் என்ன? 1748-இல் டேவிட் ஹியூம் காட்டிய வழி இங்கே உதவும். காரணமே இல்லாமல் நடப்பதைச் சுதந்திரம் என்று அவர் சொல்லவில்லை. தடையின்றித் தன் விருப்பப்படி செய்ய முடிவதையே சுதந்திரம் என்றார். விருப்பத்துக்குக் காரணம் இருப்பதால் அது நம்முடையது இல்லையென்று ஆகாது.

தலையெழுத்துக்கும் இயற்கை விதிக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். ‘என்ன செய்தாலும் நடப்பதுதான் நடக்கும்’ என்பது தலையெழுத்து. இயற்கை விதியில் நாம் செய்வதும் ஒரு காரணம். படித்த படிப்பு, கேட்ட அறிவுரை, பட்ட அனுபவம் எல்லாமே மூளையை மாற்றுகின்றன. மாறிய மூளைதான் அடுத்த முடிவை எடுக்கிறது. படிக்காமல் இருந்துவிட்டு ‘எல்லாம் விதி’ என்பவனுக்கு இயற்பியல் துணைக்கு வராது.

அடுத்த முறை இத்தலைப்பு வந்தால், ‘எந்த விதி?’ என்ற கேள்வியோடு முன்னுரையைத் தொடங்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.