இரண்டு சூரியோதயம் கண்ட விமானப் பயணம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரே பதில்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மட்டும் பதில் மாறிக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரித்திரம் ஒன்று நல்ல சாட்சி.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தது. அதோடு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்துபோனது. மீண்டும் இணைக்க ஒரே வழி இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலி அருகே உள்ள கொக்கலை வரை சுமார் 5,600 கிலோ மீட்டர். நடுவில் இறங்க இடமே இல்லை!

1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் இந்தச் சேவையைத் தொடங்கியது. பறந்தவை ‘கேட்டலினா’ என்னும் கடல் விமானங்கள். ஓடுபாதை எல்லாம் கிடையாது. பெர்த்தில் ஸ்வான் நதியிலும் கொக்கலையில் ஏரியிலும் ஏறி இறங்கின. வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோ மீட்டர்தான்.

மாணவ நண்பர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,600-ஐ 200-ஆல் வகுத்தால் 28 மணி. எதிர்க்காற்று 25 கிலோ மீட்டர் வேகத்தில் அடித்தால் 32 மணி! உண்மையிலும் அப்படித்தான், 27 மணியிலிருந்து 33 மணி வரை ஆனது. வழியில் பொழுது இரண்டு தடவை விடியும். அதனாலேயே ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு அதற்கென்றே ஒரு சான்றிதழும் தந்தார்கள்.

இவ்வளவு நேரம் பறக்க எரிபொருளே பெரும் சுமை. மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான். எதிரி விமானம் வந்தால் சுட ஆயுதம் இல்லை. ரேடியோவில் பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். விமானங்களுக்கும் வேகா, ரிகல், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்கள்தாம்.

1945 ஜூலைக்குள் 271 தடவை கடல் கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை.

2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் புறப்பட்டது. 14,498 கிலோ மீட்டர். சுமார் 17 மணி நேரம். தூரம் இரண்டரை மடங்கு, நேரமோ ஏறக்குறைய பாதி! ஜெட் எஞ்சின் செய்த சாதனை இது. ஆனால் அந்தக் கடலை நிற்காமல் தாண்ட முடியும் என்று வழக்கமான வேலையாகவே செய்து காட்டியவர்கள், அந்த மெதுவான விமானங்களில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். நேரத்தைக் குறைத்தவர்களைக் கொண்டாடும்போது, நீண்ட நேரத்தைப் பொறுத்துக்கொண்டு வழி திறந்தவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.