மேட்டை அளக்கக் கூடாத கருவி

கோல்ஃப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும்? கொழுந்துக் கூடைக்கும் கோல்ஃப் பைக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். ஆனா நுவரெலியா டவுனுக்குள்ள போன எல்லாருக்கும் அந்த மைதானம் தெரியும். ஊருக்கு நடுவிலேயே, சைப்ரஸ் மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் இடையில் பரந்து கிடக்கும் புல்வெளி. அதன் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பந்தை அடித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர்களைப் பற்றி யாரும் பெரிசா எழுதுவதில்லை. அந்தப் பை தூக்கியவர்கள், அதாவது கெடிமார், வைத்திருந்த ஒரு அறிவைப் பற்றியும், அந்த இடத்துக்கு இப்போது வந்திருக்கும் ஒரு சின்னக் கருவியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கருவி இதுதான்: கையில் பிடிக்கும் பைனாகுலர் மாதிரி ஒன்று. கொடியை நோக்கிப் பிடித்து பொத்தானை அமுக்கினால் லேசர் போய்த் திரும்பி, 'இவ்வளவு யார்ட்' என்று சொல்லும். ஜி.பி.எஸ். மணிக்கூடாகவும் வருகிறது. இதற்காகச் சொல்லப்படும் பெரிய நியாயம், ஆட்டம் வேகமாகும் என்பது. கோல்ஃப் ஒரு சுற்று நாலு மணித்தியாலம், ஐந்து மணித்தியாலம் என்று இழுபடுகிறது. தூரம் உடனே தெரிந்தால் யோசிக்கும் நேரம் மிச்சம். கேட்க சரியாகத்தான் இருக்கு. உண்மையில் அப்படி நடக்குமா?

முதலில் கொஞ்சம் வரலாறு. கொழும்பில் கோல்ஃப் கழகம் ஆரம்பித்தது 1879இல். கோப்பியை இலைநோய் அழித்து, மலைகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1885இல் ரயில் பாதை நானுஓயா வரை வந்தது. கொழும்பின் வெக்கையிலிருந்து தப்பி வரும் வெள்ளைக்காரர்களுக்கும், சுற்றியிருந்த தோட்டங்களின் துரைமாருக்கும் நுவரெலியா போவது லேசானது. நாலு வருடம் கழித்து, 1889இல், நுவரெலியா கோல்ஃப் கழகம் வந்தது. கோர்டன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் தொடக்கிவைத்ததாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் தூரத்தை யாரும் இலக்கத்தில் கேட்கவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான். கண்ணால் பார்ப்பது, கெடியைக் கேட்பது, மட்டையை எடுப்பது. கெடியும் '150 யார்ட்' என்று சொல்லமாட்டார், எந்த மட்டை என்றுதான் சொல்வார். யார்டைக் காலடியால் அளந்து குறிப்பெடுக்கும் பழக்கம் பெரிய வீரர்களிடம் பரவியது 1960களில்தான். 1961இல் அமெரிக்க அமெச்சூர் போட்டி பெபிள் பீச்சில் நடந்தபோது, டீன் பீமன் என்ற சக வீரரின் யோசனைப்படி ஜாக் நிக்லஸ் மைதானத்தை நடந்து அளந்து எழுதிக்கொண்டார். அந்தப் போட்டியை அவரே வென்றார். அதற்குப் பிறகு குறிப்புப் புத்தகம் ஒரு தொழில்முறைச் சாமானாகவே ஆகிவிட்டது.

கையடக்க லேசர் கருவிகள் கோல்ஃப் சந்தைக்கு வந்தது 1990களின் நடுவில். 2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. அதோடு ஜி.பி.எஸ்.ஸும் கோல்ஃபுக்குப் பயன்படும் அளவுக்குத் துல்லியமானது. விதிகள் பின்னாலேயே வந்தன. 2006இல், அந்தந்த மைதானம் விரும்பினால் தனி விதி போட்டு அனுமதிக்கலாம் என்றார்கள். 2019 ஜனவரி 1இல் தலைகீழாக மாற்றினார்கள்: யாரும் தடைசெய்யாவிட்டால் எல்லா இடத்திலும் அனுமதி. 2021இல் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பிலேயே கருவி வந்துவிட்டது. அப்போதும் சொன்ன காரணம் ஆட்டத்தின் வேகம்தான். சில வீரர்கள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். லேசர் கொடி வரைக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும். ஆனா கிரீனின் முன்விளிம்பு எங்கே, மணல்குழியைத் தாண்ட எவ்வளவு வேண்டும், பின்னால் எவ்வளவு இடம் இருக்கு? அதுக்கு மறுபடியும் புத்தகத்தைத் திறக்கவேண்டும். ஒரு வேலை இரண்டு வேலையாகிறது.

இப்ப கணக்குக்கு வருவோம். நாலு பேர் சேர்ந்து ஆடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் தூரம் பார்த்தே ஆகவேண்டிய அடிகள் 20 என்று வைத்துக்கொள்ளலாம். கருவி ஒவ்வொன்றிலும் 10 செக்கன் மிச்சம் பிடித்தால், 4 × 20 × 10 = 800 செக்கன், 13 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பெரிய விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனா ஒருவர் அடிக்கும்போதே மற்ற மூவரும் தங்கள் தூரத்தைப் பார்த்து வைத்திருந்தால், கருவி இல்லாமலேயே அந்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகிவிடும். கருவி இருந்தும் தங்கள் முறை வரும் வரைக்கும் அதைப் பையிலிருந்தே எடுக்காவிட்டால், மிச்சமாவதற்குப் பதிலாக நேரம் கூடும். அப்படிப் பார்த்தால் இதில் பெரிய பங்கு பழக்கத்துக்குத்தான்.

இன்னொன்று, முன்னால் போகும் குழு. இறம்பொடை வளைவுகளில் மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் லொறியின் வேகம்தான் பஸ்ஸின் வேகம். கோல்ஃபில் அந்த லொறி, ஒரே அடியில் கிரீனுக்குப் போகவேண்டிய குட்டைக் குழிகள். முன்குழு கிரீனை விட்டு இறங்கும் வரை பின்குழு அடிக்கமுடியாது. அந்தக் குழியை முடிக்க ஒரு குழுவுக்கு 10 நிமிடம் பிடிக்கிறது, ஆனால் 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை ஆட்டத்துக்கு அனுப்புகிறார்கள் என்று வைப்போம். ஒவ்வொரு குழுவுக்கும் 2 நிமிடம் சேர்ந்து, பத்தாவது குழு அங்கே 18 நிமிடம் காத்திருக்கும். அந்தப் பத்தாவது குழுவின் கையில் எந்த லேசர் இருந்தாலும் அது குறையாது. 8 நிமிட இடைவெளியை 10 ஆக்கினால் குறையும். ஆனா இடைவெளியைக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஆடுகிற குழுக்கள் குறையும், வருமானம் குறையும். அதனால்தான் நிர்வாகத்தில் கைவைப்பதைவிட, ஆடுகிறவரின் கையில் கருவியைக் கொடுத்து 'வேகமா ஆடுங்க' என்று சொல்வது லேசாக இருக்கிறது.

மூன்றாவது, தொலைந்த பந்து. 2019 விதிகளில் பந்து தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். ஒரு அடிக்கு 40 செக்கனுக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். மரங்கள் நெருங்கி நிற்கும் நுவரெலியா மாதிரி மைதானத்தில் நேரத்தைத் தின்பது இந்தத் தேடல்தான். அங்கே நேரத்தை மிச்சப்படுத்துவது பந்து எந்த மரத்தில் பட்டு எந்தப் பக்கம் தெறித்தது என்று பார்த்து வைத்திருக்கும் கெடியின் கண். லேசர் பந்தைத் தேடித் தராது.

கருவி சுத்தமா வேஸ்ட் என்று சொல்லவரவில்லை. கெடி இல்லாமல் ஆடுகிறவர், பந்து பக்கத்துக் குழியின் புல்வெளிக்குப் போய்விட்டது, சுற்றிலும் ஒரு தூர அடையாளமும் இல்லை. அந்த நேரத்தில் கருவி உண்மையிலேயே உதவும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாதாரண ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் கெடி இல்லாமல்தான் ஆடுகிறார்கள். 'வேகம்' என்ற நியாயம் அந்தச் சூழலில் பிறந்தது. இலங்கையில் பையைத் தூக்க இன்னும் ஆள் கூடவே நடக்கிறார். அங்கே பிறந்த நியாயம் இங்கே அப்படியே பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை.

இனித்தான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப்பட்ட விஷயம். 2019 விதி தூரத்தை அளக்க அனுமதித்தது, ஆனால் உயர வித்தியாசத்தை அளக்கக் கூடாது என்றது. எந்த மட்டை எடுப்பது என்று கருவி ஆலோசனை சொல்லவும் கூடாது. மேடு பள்ளத்தைக் கணக்குப் போடும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன, ஆனா போட்டியில் அந்த வசதியை நிறுத்திவைக்கவேண்டும். அதே விதிப் புத்தகம் கெடிக்கு மட்டும் எல்லா ஆலோசனையும் சொல்ல அனுமதி தருகிறது. கருவிக்குத் தடைசெய்த பேச்சை மனுசர் பேசலாம்!

சமவெளியில் இது சின்ன விஷயம். நம்ம மலையில் இதுதான் பெரிய விஷயம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கடற்கரை மைதானத்தில் அடிப்பதைவிட பந்து ஏறக்குறைய 6, 7 சதவீதம் கூடப் பறக்கும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஏற்றம், இறக்கம், மழை பெய்து நனைந்த புல். கொழும்பிலிருந்து வந்தவருக்குக் கருவி '150' என்று சரியாகவே சொல்லும். ஆனா அந்த 150க்கு அவர் ஊரில் எடுக்கும் மட்டையை இங்கே எடுத்தால் பந்து கிரீனைத் தாண்டிப் போய் மரத்துக்குள் விழும். பிறகு மூன்று நிமிடம் தேடல்! சரியான இலக்கம் கிடைத்தும் ஆட்டம் பிந்தும். பின்னேரத்தில் மூட்டம் இறங்கினால் லேசருக்குக் கொடியே தெரியாது. தினமும் நடந்த காலுக்குத் தெரியும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது கொழுந்து நிறுக்கும் தராசு. தராசு கிலோவைச் சொல்லும். அந்தக் கிலோவை எந்தச் சரிவில் நின்று, எந்த மழையில், எத்தனை அட்டைக்கடியோடு பறித்தது என்று அதில் பதிவாகாது. முழுப் பேரா அரைப்பேரா என்று முடிவாவது அந்த இலக்கத்தை வைத்துத்தான். மலையகத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நாம் பார்த்துவருவது இதுதான்: மேட்டை விட்டுவிட்டு அளக்கும் அளவுகள். அளக்க முடிந்தது உண்மையாகிறது, மற்றதெல்லாம் 'சும்மா அனுபவம்' ஆகிவிடுகிறது.

அந்த அனுபவம் என்ன செய்யும் என்பதற்கு சாட்சி இருக்கிறது. இந்தியன் ஓபன் போட்டியை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டில்லியில் கெடியாக இருந்தவர். அது 1991இல். 2009இல் அதே போட்டியை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கெடியாக இருந்தவர். தூரத்தையும் சரிவையும் காற்றையும் இன்னொருவருடைய பையைச் சுமந்தபடி படித்தவர்கள் இவர்கள். அந்த வேலை அவர்களுக்குக் கூலியும் தந்தது, பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

எல்லாரும் அப்படி வெல்ல முடியாது என்பதும் உண்மை. பல இடங்களில் கெடிக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்ற கூலியும் டிப்ஸும்தான். அதனால் ஆட்டம் வேகமாவது அவருக்கும் நல்லதுதான். காலையில் ஒரு சுற்று சீக்கிரம் முடிந்தால் மத்தியானம் இன்னொன்று கிடைக்கலாம். பயப்படவேண்டியது வேறு ஒன்றுக்கு. 'தூரம்தான் கருவி சொல்லுதே, பையை வண்டியில் வைக்கலாமே, பிறகு ஆள் எதுக்கு?' என்ற அடுத்த கேள்விக்கு. ஆலோசகராக இருந்தவர் வெறும் சுமைகாரர் ஆகும்போது அவருடைய கூலியைப் பேரம் பேசுவது லேசு. தோட்டத்தை விட்டால் வேறு வேலை குறைவாக இருக்கும் ஊரில் இது சின்ன நட்டம் இல்லை.

ஆகவே என் முடிவு இது. தூரம் அளக்கும் கருவி தனியாக ஆட்டத்தை வேகமாக்காது. குழுக்களுக்கு இடையிலான நேரம், அடிக்கத் தயாராக நிற்கும் பழக்கம், பந்தைப் பார்த்து வைத்திருக்கும் கண், இவை சரியாக இருந்தால் கருவியும் கொஞ்சம் உதவும். இவை இல்லாத இடத்தில் அது தோளில் தொங்கும் இன்னொரு சாமான்.

படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலோ, டவுனிலோ கெடியாக வேலை செய்த வயசானவங்க யாராவது இருந்தால், ஒரு கொப்பியோட போய் உட்காருங்கள். எந்தக் குழியில் காற்று எந்த மாதத்தில் எப்படித் திரும்பும், எந்த ஏற்றத்துக்கு எந்த மட்டை, மூட்டத்துக்குள்ள கொடி எங்கே இருக்கும்னு எப்படித் தெரியும், துரைமார் காலத்தில் ஒரு சுற்றுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்கிற சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிக்லஸ் 1961இல் நடந்து அளந்தது வரலாற்றில் ஏறியது அது குறிப்புப் புத்தகத்தில் இருந்ததால்தான். நம்ம ஆட்கள் நடந்த தூரம் அதைவிட அதிகம்.