கடைசி ஆளின் நேரம்: சாகசப் பந்தயமும் காவிரிப் படுகையின் சடுகுடுவும்

அணியாக ஆடும் எந்த ஆட்டத்தின் விதிப்புத்தகமும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அணியில் ஒருவர் விழுந்துவிட்டால், அல்லது பின்தங்கிவிட்டால், மற்றவர்கள் என்ன செய்வது? கால்பந்தில் மாற்று ஆட்டக்காரர் இறங்குவார். தொடரோட்டத்தில் கோல் கைநழுவியதோடு கதை முடிந்தது. மலை, காடு, ஆறு, கடல் என்று பல நாள் நீளும் சாகசப் பந்தயம் இதற்கு வேறொரு விடை வைத்திருக்கிறது. சம்பா அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் மின்விளக்கு கட்டி ஆடும் கபடியின் விடை அதிலிருந்தும் மாறுபட்டது. ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இந்த இரண்டு விடைகளின் வரலாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சாகசப் பந்தயத்தின் வேர்களில் ஒன்று இங்கிலாந்தின் மலையோட்டத்தில் இருக்கிறது. 1968இல் தொடங்கிய கரிமோர் மலை மாரத்தானில் ஆட்கள் இருவர் இருவராகவே ஓட வேண்டும். கூடாரம், உணவு, வரைபடம் எல்லாம் தோளில் சுமந்து இரண்டு நாள். துணையை விட்டுவிட்டுத் தனியே வந்து சேர்ந்தால் அந்த ஓட்டத்துக்குக் கணக்கில்லை. மூடுபனி மலையில் தனியாள் தொலைந்துபோகக் கூடாது என்ற பாதுகாப்பு எண்ணம் இந்த விதிக்குப் பொருத்தமான காரணம். பின்னாளில் அதுவே பந்தயத்தின் சுவையாகிவிட்டது.

இன்னொரு வேர் நியூசிலாந்தில். ராபின் ஜட்கின்ஸ் 1983இல் தொடங்கிய 'கோஸ்ட் டு கோஸ்ட்' பந்தயம் மேற்குக் கரையின் குமாரா கடற்கரையில் புறப்பட்டு, ஓட்டமும் மிதிவண்டியும் கயாக் படகுமாக 243 கிலோமீட்டர் கடந்து, கிழக்கே கிறைஸ்ட்சர்ச் நகரின் சம்னர் கடற்கரையில் நீண்ட காலம் முடிந்துவந்தது. பல விளையாட்டுகளை ஒரே பந்தயமாகக் கோத்தது இதன் பங்களிப்பு. ஆனால் இதில் பேர் பெற்றவர்கள் பெரும்பாலும் தனியாட்கள்.

இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜெரார் ஃபுசில். 1989இல் நியூசிலாந்தில் அவர் நடத்திய 'ரெய்டு கோலுவாஸ்' பந்தயத்தில் அணிக்கு ஐந்து பேர்; குறைந்தது ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்; மோட்டார் கூடாது; ஐவரும் சேர்ந்தே வர வேண்டும். (மூச்சு வாங்க வைக்கும் இந்தப் பந்தயத்துக்குப் பெயரும் பணமும் கொடுத்தது ஒரு சிகரெட் நிறுவனம் என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.) 1992இல் ஓமானில் நடந்த பந்தயத்தில் கலந்துகொண்ட மார்க் பர்னெட், அதே அச்சில் 1995இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'ஈகோ சேலஞ்ச்' தொடங்கினார். தொலைக்காட்சி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஐவர் அணி பின்னர் நால்வர் அணியானது. 2001 முதல் உலகத் தொடர் ஒன்றும் நடக்கிறது.

இந்த வளர்ச்சியில் தூரம் மாறியது, ஆட்கள் எண்ணிக்கை மாறியது, பரிசுப் பணம் மாறியது. மாறாமல் நின்றது ஒரு விதி: அணியின் நேரம் என்பது கடைசி ஆளின் நேரம். முதல் மூவர் எவ்வளவு வேகமாக வந்தாலும் நான்காமவர் கோட்டைத் தாண்டும் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஒரு விதியிலிருந்து பந்தயத்தின் நடைமுறை முழுவதும் கிளைக்கிறது. வலுவானவர் இடுப்பிலிருந்து ஒரு நெகிழும் கயிறு பின்னால் வருபவரின் இடுப்புக்குப் போகும். ஏற்றத்தில் முன்னவர் இழுக்க, பின்னவர் கால்களை மட்டும் நகர்த்தினால் போதும். மிதிவண்டியிலும் இதே கயிறு. தளர்ந்தவரின் முதுகுப்பையைக் கழற்றி மற்ற மூவர் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. இதற்கெல்லாம் தடையில்லை, இதுதான் திறமை என்று எண்ணப்படுகிறது. புதிய அணிகள் தடுமாறுவது பலவீனத்தால் அல்ல, பலவீனத்தை வாய்விட்டுச் சொல்லாததால். 'எனக்கு முடியவில்லை, என் பையை எடுங்கள்' என்று இரண்டு மணி நேரம் முன்பே சொல்கிறவர் அணியைக் காப்பாற்றுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து சாய்கிறவர் அணியைச் சாய்க்கிறார்.

உடலை முதலில் கைவிடுவது பெரும்பாலும் பாதம். நாள்கணக்கில் ஈரத்தில் ஊறி, தோல் வெளுத்து, விரலிடுக்கு பிளந்து, ஒவ்வொரு அடியும் கண்ணாடித் துண்டின் மேல் வைப்பதாகிவிடும். நடவு நாட்களில் காலையிலிருந்து சேற்றில் நிற்கும் பெண்களுக்கு இந்த வேதனையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சேற்றுப்புண் என்று அவர்கள் சொல்வதற்கு நெருங்கிய உறவுதான் இது.

2014இல் ஈக்வடாரில் நடந்த உலகப் பந்தயத்தில் கடைசி ஆளின் விதி எதிர்பாராத ஒரு சோதனையைச் சந்தித்தது. சுவீடன் அணித் தலைவர் மிகேல் லிண்ட்நோர்ட் சாப்பிடும்போது காயங்களோடு நின்ற ஒரு தெருநாய்க்கு இறைச்சி உருண்டை ஒன்றைப் போட்டார். நாய் அணியோடு சேர்ந்துகொண்டது. காட்டிலும் சேற்றிலும் கூடவே நடந்தது. கயாக் கட்டம் வந்தபோது, நாயை ஏற்றிக்கொள்வது ஆபத்து என்று அமைப்பாளர்கள் எச்சரித்தார்கள். படகு புறப்பட்டது, நாய் நீரில் குதித்து நீந்தி வந்தது, லிண்ட்நோர்ட் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டார். ஆர்தர் என்று பெயர் பெற்று அது சுவீடன் போய்ச் சேர்ந்தது. கணக்கில் சேராத ஓர் ஐந்தாம் உறுப்பினரையும் அந்த அணி விட்டுவிட முடியாமல் போனதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரையும் பின்னால் விடாமல் நாள்கணக்கில் நடந்து பழகிய கால்களின் பழக்கமும் அதில் சேர்ந்திருக்கும்.

இந்தியாவின் பெயர் இதில் பெரிதாக அடிபட்டது 2019இல். ஃபிஜித் தீவுகளில் மீண்டும் நடந்த ஈகோ சேலஞ்சில் 30 நாடுகளின் 66 அணிகள்; 671 கிலோமீட்டர்; 11 நாள். இந்தியாவிலிருந்து சென்ற 'குக்ரி வாரியர்ஸ்' அணியை முன்னின்று நடத்தியவர்கள் 2013இல் எவரெஸ்ட் ஏறிய இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக். முதலிடம் பிடித்தது நியூசிலாந்து அணி. ஆனாலும் இந்திய அணியின் அமைப்பு கவனிக்கத் தக்கது. 'குறைந்தது ஒரு பெண்' என்ற 1989இன் விதி, முன்னணி அணிகளிடம் 'மூன்று ஆண், ஒரு பெண்' என்ற வாய்பாடாக உறைந்துபோயிருக்கிறது. குறைந்தபட்சம் என்று எழுதியதை அதிகபட்சமாகப் படித்தார்கள். தலைமையே பெண்களிடம் இருந்த ஓர் அணி அந்த வாசிப்பைக் கேள்விக்கு உள்ளாக்கியது.

இனி டெல்டாவுக்கு வருவோம். சாகசப் பந்தய அமைப்பாளர்கள் மலையைத் தேடுகிறவர்கள். கல்லணைக்குக் கிழக்கே அவர்களுக்குக் காட்ட மலை இல்லை. இங்கே ஊர்கள் மோதிக்கொண்ட களங்கள் வேறு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து, 'போய்வர இத்தனை மைல்' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். வண்டியில் சாரதி, கூட ஒரு துணைச் சாரதி. அங்கேயும் சோடியில் மெதுவான மாட்டின் வேகமே வண்டியின் வேகம். 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்து, 2017இல் மாநிலச் சட்டத்திருத்தம் வந்து, 2023இல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்ற ஜல்லிக்கட்டு வழக்கின் நீண்ட கதை இந்தப் பந்தயங்களின் மேலும் நிழலாக விழுந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

நம் கேள்விக்கு நேரான விடை கபடியில் கிடைக்கிறது. அபிமன்யு வியூகத்துக்குள் புகுந்ததே கபடியின் தொடக்கம் என்பது மேடைப் பேச்சுக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. தவிர, அபிமன்யுவை மீட்க யாராலும் முடியவில்லை. கபடியின் உயிரோ மீட்பில் இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டில் மூன்று வகை ஆட்டங்கள் நிலவின. அமர் முறையில் தொடப்பட்டவர் வெளியேறுவதில்லை. புள்ளி மட்டும் எதிரணிக்குப் போகும். காமினி முறையில் வெளியேறியவர் வெளியேறியவர்தான். தன் அணி முழுதும் விழும் வரை கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். சஞ்சீவினி முறையில், தன் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் வெளியே இருப்பவர்களில் ஒருவர் உள்ளே வரலாம். மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் விதிகளை எழுத்தில் கொண்டுவரும் முயற்சிகள் நடந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தது. ஆடவர் தேசியப் போட்டி முதன்முதலாக 1952இல் நடந்த இடம் சென்னை. சஞ்சீவினி முறையே நாட்டுக்குப் பொதுவான கபடியாக நிலைத்தது.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியேறியவர்கள் வெளியேறிய வரிசையிலேயே உள்ளே வர வேண்டும். அணியின் சிறந்த ஏறுநர் (பாடிச் செல்பவர்) மூன்றாவதாக விழுந்திருந்தால், அவருக்கு முன்னே விழுந்த இரண்டு சாதாரண ஆட்டக்காரர்கள் மீண்ட பிறகே அவர் முறை. நட்சத்திரத்தை முதலில் மீட்டுக்கொள்ள வழியில்லை. போனஸ் புள்ளி யாரையும் மீட்காது. எதிரியைத் தொட்டோ பிடித்தோ எடுக்கும் புள்ளிதான் மீட்கும். சாகசப் பந்தயம் 'யாரும் விழக் கூடாது' என்கிறது. சஞ்சீவினி கபடி, எல்லாரும் விழுவார்கள் என்று தெரிந்தே எழுதப்பட்டது. இரண்டில் எது மனிதருக்குப் பொருத்தமான விதி என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம்தான் நிற்பேன்.

தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதனின் ஆட்டவாழ்க்கை இந்த விதியின் உள்ளே இருந்து பார்க்கத் தக்கது. 1975இல் பிறந்த அவர் வலது ஓரத்தில் நின்று பிடிப்பவர். ஓரக்காரர் ஏறி வருகிறவரின் கணுக்காலுக்குக் குனியும் கணத்தில், பக்கத்தில் நிற்பவரின் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொள்கிறார். பிடி வாய்த்தால் மற்றவர்கள் மேலே விழுந்து மூடுவார்கள், வாய்க்காவிட்டால் அவர் வெளியே. ஆக அவர் எடுக்கும் முடிவு அவருடையதாக மட்டும் இருப்பதில்லை. ஓட்டக்கால்கள் தேய்ந்த வயதிலும் இந்த இடத்தில் அனுபவத்துக்கு மதிப்புண்டு. 2016இல், நாற்பது கடந்த பிறகு, பாட்னா பைரேட்ஸ் அணித் தலைவராக ஜெய்ப்பூரை வென்று புரோ கபடிக் கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். சக ஆட்டக்காரர்கள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள்.

பெண்களைக் கபடி தனிக் களத்தில் வைத்தது. மகளிர் தேசியப் போட்டி 1955இல் கல்கத்தாவில் நடந்தது. ஆசிய விளையாட்டில் ஆடவர் கபடி 1990இலும் மகளிர் கபடி 2010இலும் சேர்ந்தன. இருபதாண்டு இடைவெளி. ஒரே அணியில் கட்டாயம் பெண் என்ற சாகசப் பந்தய விதியின் குறைகளைப் பேசும்போது இதையும் தராசில் வைக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் இரு விதிகளும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. 2014இல் தொடங்கிய புரோ கபடியில், களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் அணி ஏறுநரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. குறைந்துபோன அணிக்கே விதி கைகொடுக்கிறது. சாகசப் பந்தயங்களிலோ, பின்தங்கிய அணிகள் சில கட்டங்களை விட்டுவிட்டுச் சுருக்கப் பாதையில் முடிவுக்கோட்டை அடைய இப்போது பல அமைப்பாளர்கள் இடம் தருகிறார்கள். ஒருவரை இழந்த அணி தரவரிசையில் இடமில்லாமல் தொடர்ந்து போக அனுமதிக்கும் பந்தயங்களும் இருக்கின்றன. இழந்தவரை நடுவழியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் விதி மட்டும் அவற்றில் இன்னும் பொது வழக்காகவில்லை.