சண்முகம், தி. க. (1912–1973)

ஔவை சண்முகம் என்ற பெயரால் தமிழ்நாடு முழுதும் அறியப்பெற்ற நாடக நடிகரும் திரைப்பட நடிகருமான தி. க. சண்முகம், 1912 ஏப்ரல் 26 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் என்னும் பெண்வேடங்களில் பெயர்பெற்ற நடிகர், அன்னையார் சீதையம்மாள். சங்கரன், முத்துசாமி என்னும் தமையன்மாரும் பகவதி என்னும் தம்பியும் இவருடன் ஒரே மேடையில் வளர்ந்தவர்கள். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழடைந்தவர்கள் இந்நால்வரே.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, சண்முகம் தம் ஆறாம் பிராயத்திலேயே அதில் சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனி என்று ஜனங்கள் அழைத்த இத்தகைய சபைகளில், உண்பதும் உறங்குவதும் பாடம் கேட்பதும் ஒரே கூரையின்கீழ். வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சிய பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பாட்டுக்களை நெட்டுருச் செய்து, விடியுமட்டும் நடக்கும் நாடகங்களில் தொண்டை கட்டாமல் பாடியாக வேண்டும். பள்ளிக்கூடப் படிப்பை இழந்த அப்பிள்ளைகளுக்குத் தமிழ் வந்தது இந்தப் பாடத்தின் வழியேதான். சண்முகத்தின் குரலையும் ஞாபக சக்தியையும் கண்டு உவந்த சுவாமிகள், அவரை நாயகனாக மனத்திற்கொண்டு, ஓரிரவு விளக்கை வைத்துக்கொண்டு அமர்ந்து, பொழுது புலர்வதற்குள் ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் வியந்து பேசப்படும் செய்தி. ஒரு சிறுவனை நம்பி ஓர் ஆசிரியர் இவ்வளவு பெரிய நாடகத்தை இயற்றினார் என்பதே அச்சிறுவனின் ஆற்றலுக்குப் போதிய சான்று.

1922-இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். அதன் பின்னர், நாவல்களை நாடகமாக்கிய எம். கந்தசாமி முதலியாரிடம் சகோதரர்கள் சிட்சை பெற்றனர். பாட்டே பிரதானமாயிருந்த பழைய முறையிலிருந்து, பேச்சும் அபிநயமும் இயல்பாக அமையும் புதிய முறைக்கு அவர்கள் வந்துசேர்ந்தது இவரால்தான். 1925-இல் சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைச் சொந்தமாக நிறுவினர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் முதலியோர் உருவானது இந்தச் சபையில். தேசிய இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில் வெ. சாமிநாத சர்மா எழுதிய நாடகங்களை மேடையேற்றி அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகவும் இவர்கள் தயங்கவில்லை. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் சண்முகத்தின் நெருங்கிய நண்பர்.

சண்முகத்தின் புகழுக்குச் சிகரமாக அமைந்தது ‘ஔவையார்’. முப்பது வயதை ஒட்டிய ஆண்மகன் ஒருவர், தளர்ந்த மூதாட்டியாகக் கூன் விழுந்த முதுகும் ஊன்றுகோலும் நடுங்கும் குரலுமாகத் தோன்றி, திரை விழும்வரை ஒரு கணமேனும் தம் இளமை வெளிப்படாமல் காத்துக்கொள்வது எளிய காரியமன்று. அந்தத் தளர்ந்த குரலிலேயே பாட்டும் சுருதி பிசகாமல் வரவேண்டும். பெண்வேடம் புனைவதென்றால் அழகிய நாயகியாவது என்றிருந்த மரபில், அழகு, இளமை, சிருங்காரம் ஆகிய மூன்றையும் துறந்து ஒரு கிழவியின் ஞானத்தைக் கொண்டே சபையைக் கட்டிப்போட முடியும் என்று இவர் காட்டினார். ஔவை என்ற பட்டம் அவர் பெயரோடு பிரிக்க முடியாதவாறு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 1953-இல் ஜெமினியின் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஔவையாகத் தோன்றியதற்கு ஆண்டுகள் பல முன்னரே நிகழ்ந்தது இது.

திரையில் இவர் பணி அளவிற் குறைவு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய ‘மேனகா’ (1935), ‘பாலாமணி’ (1937), ‘குமாஸ்தாவின் பெண்’ (1941) ஆகியவை சகோதரர்களின் தொடக்ககாலப் படங்கள். பின்வரிசைக்கும் குரல் எட்டும்படி பழகிய நடிகருக்குக் காமிராவின் அருகாமை முழுதும் ஒத்துவரவில்லை என்றே தோன்றுகிறது. விதிவிலக்கு, பி. ஆர். பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961). அதில் சிறைவாசத்தால் உடல் சிதைந்தும் உள்ளம் சிதையாத சுப்பிரமணிய சிவாவாக இவர் நடித்த காட்சிகள், சிவாஜி கணேசனின் வ. உ. சிதம்பரனாருக்கு எதிரே நின்றும் மங்காதவை.

‘பில்கணன்’ (1948) படத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அதில் பாரதியாரின் பாட்டொன்றைச் சேர்த்தபோது, பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைகொடுத்து வாங்கியிருந்த ஏவி. மெய்யப்பன் அதை ஆட்சேபித்து வழக்குத் தொடுத்தார். சட்டம் அவர் பக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் தேசத்தின் கவியைத் தனியுடைமையாக வைத்திருக்கலாமா என்ற கேள்வியைச் சண்முகம் பொதுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர் சேர்ந்து பாரதி விடுதலைக் கழகம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர். மெய்யப்பனும் பணம் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி பாடல்களைப் பொதுச் சொத்தாக்கியது.

நடிகர் என்பதற்கு அப்பால், நாடகத் தொழிலுக்கு மதிப்புத் தேடியவர் என்றும் சண்முகத்தைச் சொல்லலாம். 1944-இல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலைக்கென ஒரு மாநாடு கூடுவதற்கு இவரே முதற்காரணம். கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’, அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ போன்ற புதிய ஆசிரியர்களின் நாடகங்களைத் தேடியெடுத்து அரங்கேற்றியதும் இவர்கள் சபையே. பின்னது 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாயிற்று. 1962-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971-இல் பத்மஸ்ரீ விருதும் சண்முகத்துக்குக் கிடைத்தன.

சம்பாத்தியமும் செலவும் பொதுவாயிருந்த சகோதரர் குடும்பமே இவருடைய குடும்பம். தொழில் வேறு, இல்லறம் வேறு என்ற பாகுபாட்டுக்கு அங்கே இடமில்லை. புதல்வர்களுள் டி. கே. எஸ். கலைவாணன் பாடகராகப் பெயர்பெற்றார். கமல்ஹாசன் சிறுவனாயிருந்தபோது நடிப்புப் பயின்றது இவரிடத்தில். ‘அவ்வை சண்முகி’ (1996) என்ற படப்பெயர் அந்த நன்றியைச் சொல்கிறது. 1973 பிப்ரவரி 15 அன்று சண்முகம் காலமானார். சென்னையில் லாயிட்ஸ் சாலை இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறைவதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ இவர் எழுதிய நூல்களுள் தலையாயது. சுயசரிதை என்ற பெயரில் எழுதினாலும், தம்மைக் குறைத்து, உடன் நடித்தோரையும் ஆசிரியர்களையும் முகாமிட்ட ஊர்களையும் வசூலான நாட்களையும் வறண்ட நாட்களையும் விரித்துரைப்பதால், பாய்ஸ் கம்பெனிகளின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் கையிலெடுப்பது அதைத்தான்.