தந்தமூலம்: ஈறா, வேரா?

2020 நவம்பரில் வெளியான ஓர் அரசிதழ் அறிவிக்கை, ஆயுர்வேதப் பட்டமேற்படிப்பு மாணவர் பயில வேண்டிய 58 அறுவை முறைகளைப் பட்டியலிட்டது. பல் பிடுங்குதலும் வேர்சிகிச்சையும் அவற்றுள் அடக்கம். டிசம்பர் 11 அன்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்துப் பணிநிறுத்தம் செய்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரி (1983) ஒருபுறமும் பல் மருத்துவக் கல்லூரி மறுபுறமும் அமைந்த திருப்பதிக்கு இது ஏட்டளவிலான வழக்கன்று. பழைமையைச் சான்றாகக் காட்டியவர்களும் மறுத்தவர்களும் மூலநூலின் ஒரு சொல்லைக் கவனித்திருக்கலாம்.

சுசுருத சங்கிதை வாய்நோய்களை 65 என எண்ணுகிறது. அவற்றுள் பல்லுக்கு உரியவை 8. 'தந்தமூலத்துக்கு' உரியவை 15. மூலம் என்றதும் தமிழர் காதில் வேர் என்றே ஒலிக்கும். ஆனால் அங்குக் கூறப்படுபவை வீக்கம், குருதிக்கசிவு, சீழ், புரையோடுதல்; பெரும்பாலும் சதையின் நோய்கள். ஆகவே தந்தமூலம் என்பது ஈறே. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு இவ்வகையில் தெளிவானது: 'சிகுரு' ஈற்றையும் குறிக்கும், இளந்தளிரையும் குறிக்கும்.

சிகிச்சைப் பகுதியைப் பார்த்தால் ஐயமே எழாது. குருதி வடித்தல் பெரும்பாலானவற்றுக்கு முதற்படி. 'உபகுசம்' என்னும் நோயில் ஈற்றைச் சுரண்டிக் குருதி வடிக்கப் பேயத்தி போன்றவற்றின் சொரசொரப்பான இலை போதும், கத்தி வேண்டியதில்லை. (இலையையே கருவியாக்கிய இந்த எளிமை வியப்புக்குரியது.) 'வைதர்ப்பத்தில்' கத்தியால் ஈற்றைத் தூய்மை செய்து காரம் இடுவர். 'அதிமாம்சத்தில்' மிகுந்த சதையை அறுத்தெடுப்பர்.

எனவே ஈற்றறுவைக்கு அந்நூலில் உறுதியான இடமுண்டு. வேர்சிகிச்சைக்குத் தந்தமூலம் என்ற சொல்லைச் சான்றாக்க இயலாது. ஈற்றறுவையிலும் மரபு எல்லாவற்றையும் அறிந்திருந்தது என்பது மிகையே. ஈற்றை மடலாக விரித்து, வேர்ப்பரப்பைக் கண்ணால் கண்டு துப்புரவாக்கி, மீண்டும் பொருத்தித் தைக்கும் முறை இருபதாம் நூற்றாண்டினது. சுவீடனின் லியோனார்ட் விட்மன் தம் முறையை வெளியிட்டது 1918இல். பேயத்தி இலை சுரண்டியது கண்ணுக்குத் தெரிந்த சதையை. விட்மனின் கத்தி தேடியது சதைக்கு அடியில் மறைந்திருந்த வேரை.